ரேகை விழாத மனுக்கள்

திண்டிவனம்,
5-10-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

மேரி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன்னைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் வலி மறந்துபோகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மூன்று பேரை வழியில் நிறுத்தி, "எம்புள்ள விழுப்புரத்துல பெரிய வக்கீலாண்ட ஜூனியரா கீறான்" என்று சொன்னாள். பக்கத்தில் நானும்தான் நின்றேன். மகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது பேருக்குச் சொல்லித் தருகிறாள் என்று ஒரு வார்த்தை அந்த வாயில் வரவில்லை. பழகிவிட்டது, விடு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். குத்தகைக்காரர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருப்பதைப் பத்திரிகையில் பார்த்தேன். நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் முப்பது நாளுக்குள் ரெவின்யூ கோர்ட்டில் மனுக் கொடுத்தால் நிலம் திரும்பக் கிடைக்கலாமாம். வானூர் பக்கம் ஒரே மிராசுதாரிடம் உழுது, போன வருஷம் துரத்தப்பட்ட குடும்பங்கள் மட்டும் முப்பத்தெட்டு. அவர்களில் கண்ணையன் என்ற பெரியவர் இன்ஸ்டிட்யூட் வாசலுக்கே வந்துவிட்டார். மனு எழுதுகிறவரிடம் போயிருக்கிறார்கள். நாலு மனு எழுத அவருக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. இப்படிப் போனால் முப்பத்தெட்டு மனு எப்போது முடிவது?

எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் மாதா கோயில் சாமியார் கிறிஸ்துமஸ் பாட்டு அடிக்க ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின் வைத்திருக்கிறார் அல்லவா? கேட்டேன், கொடுத்தார். மனுவை ஒரே ஸ்டென்சில் மெழுகுத்தாளில் டைப் அடித்து, பேர், ஊர், சர்வே நம்பர், எத்தனை வருஷமாகச் சாகுபடி, எப்போது வெளியேற்றினார்கள் என்பதற்கெல்லாம் இடம் விட்டுவிட்டேன். கைப்பிடியைச் சுற்றினால் மனு விழுகிறது. மூன்றாம் கிளாஸ் படித்தவன்கூட நிரப்பிவிடலாம்.

அஞ்சம்மாள் என்ற விதவையின் மனுவை மாதிரிக்கு நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ படித்துப் பார்த்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல். உன் சீனியரிடம் கெஜட் வந்திருக்குமே, சட்டத்தின் பிரதியும் அனுப்பு. நான் பத்திரிகையில் வந்த சுருக்கத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

லா காலேஜில் நீ படித்த இரண்டு வருஷமும் உன் நோட்டையெல்லாம் டைப் அடித்தவள் நான். எனக்கு இவ்வளவாவது தெரியாமல் போகுமா?

தங்கை,
இருதயமேரி


விழுப்புரம்,
9-10-1955

தங்கை மேரிக்கு,

உன் கடிதமும் மனுவும் வந்தன. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். திண்டிவனத்தில் இப்போது நீதான் வக்கீல் போலிருக்கிறது.

நோட்டை டைப் அடிப்பதும் சட்டம் படிப்பதும் ஒன்றல்ல. சமையல் புத்தகத்தை அச்சடிக்கிறவனுக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமா? நான் மெட்ராஸில் ஹாஸ்டல் சோற்றைத் தின்று, மண்டை காய்ந்து படித்து வாங்கிய பட்டம் இது. பாட்டுப் புத்தகம் அடிக்கிற மெஷினைச் சுற்றினால் கிடைத்துவிடாது.

மனுவைப் பார்த்தேன். இடது ஓரத்தில் மை ஈஷியிருக்கிறது. மூன்றாம் பாராவில் எழுத்துகள் மங்கல். அந்த அஞ்சம்மாளின் கைநாட்டு இருக்கிறதே, அது கைநாட்டா, மை துடைத்த துணியா? ஒரு ரேகைகூடத் தெரியவில்லை. கோர்ட்டில் இப்படியொரு காகிதத்தை நீட்டினால் சிரிப்பார்கள். பெஞ்சு கிளார்க் நடராசனிடம் காட்டினேன், அவரே சிரித்தார்.

கெஜட் சீனியர் கோதண்டபாணி ஐயாவின் மேஜையில் இருக்கிறது. அவர் உத்தரவில்லாமல் எடுக்க முடியாது. சமயம் பார்த்துக் கேட்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ராயப்பன்


திண்டிவனம்,
24-10-1955

அண்ணனுக்கு,

பதினைந்து நாள் கெஜட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கெடு முடிய இன்னும் இரண்டு மூன்று நாள்தான். அதற்கு மேல் காத்திருந்தால் உன் சீனியரின் உத்தரவு வந்துசேரும், நிலம்தான் வராது.

இன்று முப்பத்தெட்டு மனுவையும் கொடுத்துவிட்டோம். மை ஈஷிய ஓரத்தைச் சரிசெய்து, மூன்றாம் பாராவைத் திரும்ப டைப் அடித்து, புது ஸ்டென்சில் போட்டேன். நீ சொன்ன குறையெல்லாம் தீர்ந்தது. அஞ்சம்மாளைக் கூப்பிட்டு மூன்று தரம் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மூன்று தரமும் மை மட்டும்தான் விழுந்தது. அவள் விரலில் என்ன கோளாறோ!

மற்றபடி சட்டத்தில் குறை ஏதும் நீ சொல்லாததால் சரியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு ஒருவரைத்தான் காலேஜில் படிக்க வைக்க முடியும் என்று சாமியார் சொன்ன அன்று, எஸ்.எஸ்.எல்.சி.யில் மார்க் யாருக்கு அதிகம் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. உன் நோட்டு வந்து சேரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு வயிறு எரியும். எரிய எரியத்தான் டைப் அடித்தேன். ஒரு முறை, ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவந்து, பிரித்து, அந்தப் பக்கத்தை அடித்துச் சேர்த்தேன். இது உனக்குத் தெரியாது.

கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வலிக்கிறது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது.

இருதயமேரி


விழுப்புரம்,
28-12-1955

மேரிக்கு,

கிறிஸ்துமஸ் அன்று நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. வக்கீல் சன்னது வாங்காமல் சட்டத் தொழில் பார்ப்பது தப்பு என்று சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்?

அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். நான் ஒரு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். கோட்டும் டையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வானூர் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடு வருகிறார்கள். அந்தக் கண்ணையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிசின் பாப்பா இல்லீங்களா?" என்கிறார். நான்தான் வக்கீல், என்ன விஷயம் என்கிறேன். "நீங்க குந்துங்க தம்பி, பாப்பா வரட்டும்" என்கிறார். என் வீட்டு வாசலில், என் நாற்காலியில், நான் குந்த வேண்டுமாம்! அம்மாவும் அன்றைக்கு என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போடப் போய்விட்டாள்.

போகட்டும். நேற்று சீனியர் என்னை முதல் தடவையாகப் பாராட்டினார். அறையில் நாலு ஜூனியர்கள் இருக்கும்போது என் தோளைத் தட்டி, "இவன் கண்ணுலதான் பட்டது. நீங்கள்லாம் என்ன படிச்சீங்க?" என்றார். எதற்கென்று உனக்குச் சொல்ல முடியாது. தொழில் ரகசியம்.

ராயப்பன்


திண்டிவனம்,
4-1-1956

அண்ணனுக்கு,

ஜனவரி 19-ஆம் தேதி விசாரணை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. மிராசுதாருக்கு ஆஜராகப்போகிறவர் விழுப்புரம் வக்கீல் கோதண்டபாணி என்று கண்ணையன் வந்து சொன்னார். உன் சீனியர்தானே?

அப்படியானால் எங்கள் முப்பத்தெட்டு மனுவும் உன் அறையில்தான் இருக்கின்றன. உன் தோளைத் தட்டினாரே, எதற்கு? நம் மனுவில் எதையாவது கண்டுபிடித்துக் கொடுத்தாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

கிறிஸ்துமஸ் அன்று உன் கோட்டுக்கு நான்தான் இஸ்திரி போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? யாரும் இல்லாதபோது ஒரு தரம் அதைப் போட்டுப் பார்த்தேன். கைதான் கொஞ்சம் நீளம். தோள் எனக்குக் கச்சிதமாக இருந்தது. கழற்றி மாட்டிவிட்டுப் போய் அழுதேன்.

அஞ்சம்மாளுக்கு இருந்தது இரண்டு ஏக்கர். இப்போது அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுக்கிறாள். தோற்றுப்போனால் இனி மனுக் கொடுக்க வழியில்லை, கெடு முடிந்துபோயிற்று. இது உனக்கும் தெரியும்.

மேரி


விழுப்புரம்,
16-1-1956

மேரி,

ஆம்.

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளத்தான் சொன்னாய். முடியவில்லை.

சட்டத்தில் குத்தகைக்காரன் என்றால் யார் என்று எழுதியிருக்கிறது. தானோ தன் குடும்பத்தாரோ அந்த நிலத்தில் உடலால் உழைத்திருக்க வேண்டும். ஆளை வைத்து உழுதவனுக்குப் பாதுகாப்பு கிடையாது. உன் மனுவில் பேர் இருக்கிறது, சர்வே நம்பர் இருக்கிறது, எத்தனை வருஷம் என்பது இருக்கிறது. சாகுபடி செய்தேன் என்றும் இருக்கிறது. என் உடம்பால் உழைத்தேன் என்ற வரி மட்டும் இல்லை. முப்பத்தெட்டிலும் இல்லை, ஒரே ஸ்டென்சில்தானே. 19-ஆம் தேதி சீனியர் இதைத்தான் சொல்லப்போகிறார். சொல்லிக் கொடுத்தவன் நான்.

கட்சிக்காரருக்கு விசுவாசமாக இருப்பது தொழில் தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். டிசம்பரில்தான் கேஸ் கட்டு எங்கள் அறைக்கு வந்தது. அந்த வரி இல்லை என்பதை அக்டோபரிலேயே, நீ அனுப்பிய மனுவைப் பிரித்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். கெஜட் என் முன்னால் விரித்துக் கிடந்தது. சீனியர் எடுக்காதே என்று சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? நீ எழுதிய மனு நன்றாக இருந்தது மேரி. இரண்டு வருஷம் படித்த நான் பத்துப் பக்கம் எழுதுவேன், நீ ஒரு பக்கத்தில் முடித்திருந்தாய். இப்படி மெஷினில் அடித்து வாசல் வாசலாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பொறாமையில், ஒரு குறையாவது கிடக்கட்டும், அப்போதுதான் என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுகிறவனைப் பார்த்துச் சிரிப்போமே, நான் அறுத்தது என் தங்கையின் மூக்கை. நீ அந்தப் பக்கத்தைத் தபால் பெட்டியிலிருந்து திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தாய் என்று எழுதியதைப் படித்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு முன் முப்பத்தெட்டுப் பேரிடமும் ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்கிக் கையில் வைத்துக்கொள். உடலுழைப்பு என்ற வார்த்தை அதில் இருக்கட்டும். உடனே செய்.

ராயப்பன்


திண்டிவனம்,
21-1-1956

அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. விசாரணை முந்தாநாளே முடிந்துவிட்டது. கடிதத்தில் 16 என்று தேதி போட்டிருக்கிறாய். உறையில் விழுப்புரம் தபால் முத்திரை 19. மூன்று நாள் உன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நானும் தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பியவள்தான். ஆனால் நான் திரும்பியது பக்கத்தைச் சேர்க்க.

காய்ச்சல் என்று சொல்லி நீ வராமல் இருந்துவிட்டாயாம், உன் சீனியர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அவர் எழுந்து நின்று, முப்பத்தெட்டு மனுவும் ஒரே மெஷின் பெற்ற பிள்ளைகள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நீ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அப்போதுதான் தெரிகிறது, அப்படியொரு வரி வேண்டும் என்று. கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் அங்கே எனக்குப் பேச உரிமையில்லை. அதற்கு உன் கோட்டு வேண்டும். அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

அந்த வரியை நான் ஏன் விட்டேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். கெஜட் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நீயே பாடுபட்டாயா என்று அஞ்சம்மாளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் யாராவது பாடுபடாமல் சோறு தின்றதைப் பார்த்திருக்கிறோமா? மூச்சு விட்டாயா என்று யாராவது கேட்பார்களா? நம் அப்பன் பண்ணையில் ஆளாகக் கிடந்தவர். கூலி வேலை, உடம்பு வேலை என்ற பேச்சே மனுவில் வரக்கூடாது, மிராசுதாரைப் போல இவர்களும் சாகுபடிதாரர் என்று கௌரவமாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். கௌரவம் பார்த்துத்தான் கெடுத்தேன்.

விசாரணை நடத்திய சப்கலெக்டர் அஞ்சம்மாளைக் கூப்பிட்டார். மனுவை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது உன் கைநாட்டுதானா, ரேகையே இல்லையே, வேறு யாராவது மையைத் தடவிவிட்டார்களா என்று கேட்டார். இந்தக் கைநாட்டைப் பார்த்துத்தான் நீயும் நடராசனும் சிரித்தீர்கள்.

அவள் பயப்படவில்லை. கையை விரித்துக் காட்டினாள்.

"எங்கைதாங்க சாமி. ரேகை எங்கேந்து விழும்? இருவது வருசமா மல்லாட்டை புடுங்கி, களை புடுங்கி, எல்லாம் மண்ணுல பூடுச்சிங்க. வேணும்னா அவரு நெலத்துல தேடிப் பாக்கச் சொல்லுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. சப்கலெக்டர் மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் தம் மேஜைமேலேயே அவள் கட்டைவிரலைப் பதித்துப் பார்த்தார். வெறும் மைதான். பிறகு மற்ற மனுக்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெரும்பாலும் அதே கதைதான். உன் சீனியர் ஏதோ ஆட்சேபம் சொன்னார். சப்கலெக்டர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "கைநாட்டை வச்சு நான் நிலம் கொடுக்க முடியாது. ஆனா இதைப் பார்த்த பிறகு, ஒரு வரி எழுதலேன்னு தள்ளவும் மாட்டேன்." பத்து நாளுக்குள் எல்லோரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

நீ வந்து அவர்களுக்காக வாதாட வேண்டாம். வந்தால் நீதான் காப்பாற்றினாய் என்று ஊர் சொல்லும், அதை என்னால் தாங்க முடியாது. இந்தக் கடிதத்தைக் கண்ணையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு குழாயில் ஸ்டென்சிலும், ஸ்டென்சிலில் எழுதுகிற ஊசிப் பேனாவும் இருக்கும். வாக்குமூலம் முழுவதையும் டைப் அடித்துவிட்டேன். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அந்த வரியை நீயே உன் கையால் எழுது. உன் பேர் எங்கேயும் இருக்காது.

மேரி


விழுப்புரம்,
23-1-1956

மேரி,

கண்ணையன் என் அறையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை நான்தான் அவரைக் குந்தச் சொன்னேன்.

எழுதிவிட்டேன். "மேற்படி நிலத்தில் நானும் என் குடும்பத்தாரும் எங்கள் உடலால் உழைத்துப் பயிர் செய்தோம்." ஊசி குத்திக் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுத அரை மணி ஆயிற்று. இத்துடன் கெஜட்டும் வருகிறது. சீனியருடையதல்ல, என்னுடையது.

இந்த மனுக்களை எழுதியவள் என் தங்கை என்றும், உனக்கு நான் கடிதம் போட்டேன் என்றும் சீனியரிடம் சொல்லிவிட்டேன். இனி இந்த அறைக்கு வர வேண்டாம் என்றார். அவர்மேல் தப்பில்லை.

கடைசியாக ஒன்றையும் பாக்கியில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்சிலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, உன் டைப்பைவிட என் கையெழுத்து அழகாக இருப்பதாகத் தோன்றியது. நான் இன்னும் திருந்தவில்லை.

ராயப்பன்


திண்டிவனம்,
20-3-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. முப்பத்தைந்து குடும்பத்துக்கு நிலம் திரும்பியது. மூன்று பேருக்கு இல்லை. அவர்கள் ஆள் வைத்து உழுதவர்களாம், விசாரணையில் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

இப்போது மரக்காணம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சாமியார் மெஷினைப் பாட்டு அடிக்கத் திருப்பிக் கேட்கவே இல்லை. நீ அனுப்பிய கெஜட்டை முழுக்கப் படித்துவிட்டேன். புரியாத இடம் நாலு இருக்கிறது. நீ சொல்லித்தர வேண்டும். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்கிறேன்.

நேற்று அஞ்சம்மாள் வந்தாள். தன் வாக்குமூலத்தின் நகலை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவள் அதை எடுத்து விரித்து, உன் வரியின்மேல் விரலை வைத்து, "இந்த ஒரு வரி மட்டும் கையால எழுதியிருக்குதே, முத்து முத்தா எவ்ளோ அழகா கீது பாரு. யாரு பாப்பா எழுதனாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்தவர்தான் என்று மட்டும் சொன்னேன். உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை, வயிறு அப்படி எரிந்தது. ஈஸ்டருக்கு வா. அவள் நம் அம்மாவைப் பார்க்க வருவாள். நீயே சொல்லிக்கொள்.

தங்கை,
இருதயமேரி